எஸ்டிஎஸ்ஸில் ஆவியழுத்தம் "தகவல் இல்லை": கொதிநிலையை மட்டும் வைத்துப் போட்ட கணக்கை எவ்வளவு நம்பலாம்?

#1 கங்கைகொண்டான் ஷெட்

வணக்கம். கங்கைகொண்டான் சிப்காட் பக்கம் ஒரு சின்ன யூனிட்டில் பாதுகாப்பையும் ஸ்டோரையும் சேர்த்துப் பார்க்கிறேன். ஊதுபத்திக்கும் தரை துடைக்கும் திரவத்துக்கும் வாசனைக் கலவை செய்கிற இடம். மல்லிகை வாசனையில் புதுக் கலவை ஒன்று தொடங்கப் போகிறோம். பெரும்பங்கு பென்சைல் அசிடேட். கொஞ்சம் சூடமும் சேரும். கட்டியாக இருப்பதைக் கரைக்க கெட்டிலை 70 டிகிரி வரை சூடாக்குவோம்.

தொடங்குமுன் ஆபத்து மதிப்பீடு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். சப்ளையர் அனுப்பிய பாதுகாப்புத் தரவுத்தாளில் (எஸ்டிஎஸ்) 9-ஆம் பகுதியில் பென்சைல் அசிடேட்டுக்குக் கொதிநிலை 213–214 டிகிரி என்று இருக்கிறது. ஆவியழுத்தம், அதாவது பொருள் எவ்வளவு எளிதில் ஆவியாகும் என்பதைக் காட்டும் எண், இருக்க வேண்டிய இடத்தில் "தகவல் இல்லை".

கொதிநிலையிலிருந்து ஆவியழுத்தத்தைக் கணக்கிடலாம் என்று படித்திருக்கிறேன். அந்த எண்ணை நம்பி காற்றோட்டமும் முகமூடியும் முடிவு செய்யலாமா? இன்னொரு கவலையும் உண்டு. தரவுத்தாள்களில் எல்லாம் 20 அல்லது 25 டிகிரிக்கான எண்தான் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் எங்கள் தகரக் கூரைக்குக் கீழே 40 டிகிரி சாதாரணம். எந்த எண்ணைப் போடுவது?

#2 தாமிரபரணி கணக்கு

முதலில் தேடுங்கள், அப்புறம் கணக்கிடுங்கள். சப்ளையருக்குத் தகவல் இல்லை என்றால் உலகத்தில் யாருக்கும் இல்லை என்று ஆகாது. பப்கெம், அமெரிக்க நிஸ்ட் நிறுவனத்தின் வெப்புக் ஆகிய இணையத் தரவுத்தளங்களில் பாருங்கள். பென்சைல் அசிடேட்டுக்கு 25 டிகிரியில் 0.177 மி.மீ. பாதரசம் என்று பதிவாகியிருக்கிறது.

எண் கிடைத்ததும் அலகைப் பாருங்கள். ஒருவர் மி.மீ. பாதரசத்தில் தருவார், இன்னொருவர் ஹெக்டோபாஸ்கலில் தருவார், மூன்றாமவர் கிலோபாஸ்கலில் தருவார். 1 மி.மீ. என்பது 133 பாஸ்கல். ஹெக்டோபாஸ்கலை மி.மீ. என்று படித்தால் பிழை மூன்றில் ஒரு பங்குதான். கிலோபாஸ்கலை அப்படிப் படித்தால் ஏழரை மடங்கு போய்விடும். நம் 0.177 மி.மீ. என்பது ஏறக்குறைய 24 பாஸ்கல்.

அடுத்து, ஆன்டுவான் சமன்பாட்டு (வெப்பநிலையைப் போட்டால் ஆவியழுத்தம் தருகிற சூத்திரம்) மாறிலிகள் கிடைத்தால் வெப்பநிலை வரம்பையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பல பொருட்களுக்கு அந்த மாறிலிகள் கொதிநிலைக்கு அருகில் அளந்தவற்றிலிருந்து வந்தவை. 150-லிருந்து 210 டிகிரி வரை பொருந்துகிற மாறிலியில் 30 டிகிரியைப் போட்டாலும் ஒரு எண் வரத்தான் செய்யும். அது அளந்த எண் அல்ல.

#3 உப்பளத்தான்

தம்பி, நான் தூத்துக்குடி பக்கம் ரசாயன ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் கருத்தை நேராகச் சொல்கிறேன். காகிதத்தில் கணக்கு போட்டுக்கொண்டிருப்பதற்குப் பதில் காற்றை அளந்து பாருங்கள். ஆள் நிற்கிற இடத்தில் மூக்கு உயரத்தில் மாதிரி எடுத்தால் உண்மை தெரிந்துவிடும். மூடி சரியில்லாத டிரம்மும் ஓடாத எக்ஸாஸ்ட் ஃபேனும் எந்தச் சமன்பாட்டிலும் வராது.

#4 தாமிரபரணி கணக்கு

அண்ணாச்சி சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் பொருள் இன்னும் ஷெட்டுக்குள் வரவே இல்லை. எதை அளப்பது, எந்தக் குழாயில் மாதிரி எடுப்பது, ஃபேனை எங்கே வைப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய ஒரு எண் வேண்டும். அதற்குத்தான் மதிப்பீடு. வேலை தொடங்கிய பிறகு அளவீடு அவசியம், அதில் உங்கள் பக்கம்தான் நான்.

#5 பாளை வேதியியல்

பாளையங்கோட்டையில் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். கொதிநிலையிலிருந்து கணக்கிடும் வழியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இந்தப் பொருளுக்கு எண் கிடைத்துவிட்டாலும், பெயர் சொல்லாத சேர்மானங்களுக்கு இது தேவைப்படும். தெரிந்த பொருளில் போட்டுப் பார்த்தால் பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதும் விளங்கும்.

கொதிநிலையில் ஒரு திரவத்தின் ஆவியழுத்தம் 760 மி.மீ. அது ஒரு புள்ளி. அங்கிருந்து அறை வெப்பநிலைக்கு இறங்க கிளாசியஸ்–கிளாப்பிரான் சமன்பாடு போதும், ஆவியாதல் வெப்பம் தெரிந்தால். அது தெரியாதபோது டுரூட்டன் விதி கை கொடுக்கும். ஆவியாதல் வெப்பத்தைக் கெல்வினில் உள்ள கொதிநிலையால் வகுத்தால் பல சாதாரணத் திரவங்களுக்கு மோலுக்கு 85–88 ஜூல்/கெல்வின் வரும்.

பெயிண்ட் தின்னரில் வருகிற டொலுவினில் சோதித்துப் பார்ப்போம். கொதிநிலை 110.6 டிகிரி. 88-ஐ வைத்து 25 டிகிரிக்கு இறங்கினால் 36 மி.மீ. வருகிறது. அளந்த மதிப்பு 28.4. கால் பங்குக்கு மேல் கூடுதல், அவ்வளவுதான். அதே கணக்கை பென்சைல் அசிடேட்டுக்குப் போட்டால் 0.94 மி.மீ. வருகிறது. அளந்தது 0.177. ஐந்து மடங்குக்கு மேல் கூடுதல்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஆவியாதல் வெப்பம் கொதிநிலையில் இருக்கிற அளவிலேயே நிற்கும் என்று நாம் வைத்துக்கொண்டோம். உண்மையில் குளிரக் குளிர அது கூடும். கொதிநிலைக்கும் அறை வெப்பநிலைக்கும் தூரம் அதிகமானால் இந்தப் பிழை பெருகும். டொலுவினுக்கு 85 டிகிரி தூரம், இதற்கு 188 டிகிரி.

கிரெயின் என்பவர் பெயரில் வழங்கும் முறை இந்த மாற்றத்தையும் கணக்கில் எடுக்கிறது. அதைத் திருத்திய வடிவத்தில் போட்டுப் பார்த்தேன். மூலக்கூறின் துருவத்தன்மைக்கு என்ன காரணி வைக்கிறோம் என்பதைப் பொறுத்து 0.22-லிருந்து 0.34 வரை வருகிறது. ஒரே ஒரு கொதிநிலையை வைத்துக்கொண்டு இவ்வளவு நெருக்கம் வருவது பெரிய விஷயம்.

ஹைட்ரஜன் பிணைப்பையும் மறக்கக் கூடாது. என்-மீத்தைல் பைரோலிடோன் 202 டிகிரியில் கொதிக்கிறது, 25 டிகிரியில் அதன் ஆவியழுத்தம் 0.345 மி.மீ. பென்சைல் ஆல்கஹால் 205 டிகிரியில் கொதிக்கிறது, ஆனால் 0.094 மி.மீ.தான். கொதிநிலை கிட்டத்தட்ட ஒன்று, ஆவியழுத்தம் மூன்றரை மடங்கு வேறு. ஆல்கஹால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதுதான் காரணம். எத்தனாலுக்கு டுரூட்டன் எண் 110 வாக்கில், தண்ணீருக்கு 109. அங்கே போய் 88 போடக் கூடாது.

தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். எளிய கணக்கு தருகிற எண் உண்மையைவிடப் பெரிதாக வருகிறது. ஆள் எவ்வளவு ஆவியைச் சுவாசிப்பார் என்று பார்க்கும்போது அது பாதுகாப்பான பக்கம். ஆனால் தரையில் சிந்தியது எவ்வளவு நேரத்தில் காய்ந்து போகும் என்று அதே எண்ணை வைத்துச் சொன்னால், காயாததைக் காய்ந்துவிட்டது என்று எழுதிவிடுவோம். எந்தக் கேள்விக்காகப் போடுகிறோம் என்பது தெரியாமல் பிழையின் திசையைச் சொல்ல முடியாது.

#6 அபிஷேகப்பட்டி மாணவி

டீச்சர், அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை இலவசமாகத் தருகிற எபி சூட் மென்பொருளில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. மூலக்கூறின் அமைப்பைக் கொடுத்தால் கொதிநிலை, உருகுநிலை, ஆவியழுத்தம் மூன்றையும் மதிப்பிட்டுத் தருகிறது. அதை நேரடியாகப் பயன்படுத்தலாமா?

இன்னொரு சந்தேகம், இந்தக் கலவையில் சூடம் திடப்பொருள். அதற்கும் இதே கணக்கா? பாச்சா உருண்டை நாஃப்தலீனுக்கு டுரூட்டன் வழியில் போட்டேன். 0.8 மி.மீ. வந்தது. புத்தகத்தில் 0.085 இருக்கிறது. பத்து மடங்கு வித்தியாசம்.

#7 பாளை வேதியியல்

நல்ல இடத்தைப் பிடித்திருக்கிறாய்.

மென்பொருளைப் பயன்படுத்தலாம். ஆனால் அமைப்பை மட்டும் கொடுத்துவிட்டு விடாதே. அளந்த கொதிநிலையும் உருகுநிலையும் தெரிந்தால் அவற்றையும் உள்ளே கொடு. இல்லாவிட்டால் மதிப்பிட்ட கொதிநிலையின் மேல் மதிப்பிட்ட ஆவியழுத்தம் உட்காரும், பிழை இரட்டிப்பாகும். அது திரவங்களுக்கு ஆன்டுவான், திருத்திய கிரெயின் இரண்டின் சராசரியையும், திடப்பொருளுக்குத் திருத்திய கிரெயினையும் பரிந்துரைக்கிறது. எந்த வரியை எடுத்தாய் என்பதையும் எழுதி வை.

இனி திடப்பொருள். கொதிநிலையிலிருந்து இறங்கி வரும் கணக்கு, பொருள் அறை வெப்பநிலையிலும் திரவமாகவே இருப்பதாக வைத்துக்கொள்கிறது. நாஃப்தலீன் 80 டிகிரியிலேயே உறைந்துவிடுகிறது. படிகத்துக்குள் கட்டுண்ட மூலக்கூறு வெளியேறக் கூடுதல் ஆற்றல் வேண்டும். ஆகவே திடத்தின் ஆவியழுத்தம், அதே வெப்பநிலையில் உறையாமல் இருந்திருக்கக்கூடிய திரவத்தின் ஆவியழுத்தத்தைவிடக் குறைவு. எவ்வளவு குறைவு என்பதற்கு வழக்கமான திருத்தம் ஒன்று உண்டு. உருகுநிலையை அறை வெப்பநிலையால் வகுத்து (இரண்டும் கெல்வினில்), ஒன்றைக் கழித்து, 6.79-ஆல் பெருக்கினால் அந்த விகிதத்தின் இயல் மடக்கை வரும். நாஃப்தலீனுக்கு அது மூன்றரை மடங்கு. உன் 0.8-ஐ மூன்றரையால் வகுத்தால் 0.23. மீதி வித்தியாசம் டுரூட்டன் வழியின் மிகைமதிப்பு.

ஆனால் சூடத்துக்கு இந்தத் திருத்தத்தைப் போட்டால் ஆபத்து. சூடம் உருகுவது 175–180 டிகிரிக்குள். அதை 6.79-உடன் போட்டால் திடத்தின் ஆவியழுத்தம் திரவத்தினுடையதில் முப்பதில் ஒரு பங்குதான் என்று வரும். எளிய வழியில் திரவத்துக்கு 1.2 மி.மீ. வருகிறது. முப்பதால் வகுத்தால் 0.04. அது உண்மைக்கு வெகு கீழே.

6.79 என்பது மூலக்கூறுகள் படிகத்தில் ஒழுங்காக அடுக்கி நிற்பதாகவும், உருகும்போது அந்த ஒழுங்கு முழுவதும் குலைவதாகவும் எண்ணிப் போட்ட எண். சூடத்தின் மூலக்கூறு பந்து போல உருண்டை. அறை வெப்பநிலையில் அது திடமாக இருந்தாலும் மூலக்கூறுகள் தம் இடத்திலேயே சுழன்றுகொண்டிருக்கின்றன. உருகுவதற்கு முன்பே பாதி ஒழுங்கு போய்விட்டது. ஆகவே அதன் உருகல் என்ட்ரோபி (உருகும்போது ஒழுங்கு குலைகிற அளவு) மோலுக்கு 15 ஜூல்/கெல்வின் வாக்கில்தான். வழக்கமான திருத்தம் எண்ணுவதோ 56. உருகல் வெப்பம் இப்படிக் குறைவாக இருப்பதால்தான் ராஸ்ட் முறையில் மூலக்கூறு எடை காண சூடத்தை எடுக்கிறோம், அதன் உறைநிலைத் தாழ்வு மாறிலி கிட்டத்தட்ட 40. ஆய்வுக்கூடத்தில் செய்திருப்பாய்.

15-ஐ வைத்துத் திருத்தினால் இரண்டரை மடங்குதான் குறைகிறது. 1.2-ஐ வகுத்தால் 0.5 வாக்கில் வரும்.

#8 தாமிரபரணி கணக்கு

டீச்சர் சொன்னதை அளந்த எண்களோடு ஒப்பிட்டேன். சூடத்துக்கு அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு நிறுவனமான நியோஷின் கையேடு 20 டிகிரியில் 0.2 மி.மீ. என்கிறது. வேறு தொகுப்பில் 25 டிகிரிக்கு 0.65 என்று இருக்கிறது. ஐந்து டிகிரி வித்தியாசத்தில் மூன்று மடங்கு கூடாது, ஒன்றரை மடங்கு கூடினாலே அதிகம். ஆக, வெளியான மதிப்புகளே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. மதிப்பிட்ட 0.5 அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வழக்கமான திருத்தம் தந்த 0.04 இரண்டுக்கும் கீழே.

இப்போது முக்கியமான ஒரு ஒப்பீடு. ஆவியழுத்தத்தை 760-ஆல் வகுத்துப் பத்து லட்சத்தால் பெருக்கினால், மூடிய இடத்தில் காற்று அதிகபட்சம் எவ்வளவு ஆவியை ஏந்தும் என்பது பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கணக்கில் வரும். அதைப் பணியிட வரம்பால் வகுத்துப் பாருங்கள்.

பென்சைல் அசிடேட்: 233 பிபிஎம். பணியிடச் சுகாதாரத்துக்கான அமெரிக்க அமைப்பு ஏசிஜிஐஎச் சொல்லும் வரம்பு 10. விகிதம் 23.

சூடம்: 0.2 என்று எடுத்தால் 263 பிபிஎம், 0.65 என்று எடுத்தால் 855. வரம்பு 2 பிபிஎம்தான். விகிதம் 130-லிருந்து 430 வரை.

டொலுவின்: 37,400 பிபிஎம். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த நம் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை 100 பிபிஎம் என்றது. போபாலுக்குப் பிறகு 1987 திருத்தத்தில் வந்த அட்டவணை அது. விகிதம் 374.

கங்கைகொண்டான் தம்பி, நீங்கள் டிரம்மில் வரும் திரவத்தைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் ஷெட்டில் முதலில் பார்க்க வேண்டியது மூட்டையில் வரும் சூடம். இதில் 0.2 சரியா, 0.65 சரியா என்று தீர்க்க வேண்டிய அவசியமே இல்லை. எதை எடுத்தாலும் அதுதான் முன்னால் நிற்கிறது.

#9 கங்கைகொண்டான் ஷெட்

இதை நான் எதிர்பார்க்கவில்லை. எல்லா வீட்டுப் பூசையிலும் இருக்கிற பொருள் என்பதால் அதன் தரவுத்தாளை யாரும் கேட்டு வாங்கவே இல்லை. நாளைக்கே கேட்கிறேன்.

40 டிகிரிக்கு என்ன செய்வது?

#10 வண்ணார்பேட்டை பெயிண்ட்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். வண்ணார்பேட்டையில் கார் பெயிண்டிங் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். தின்னர் தினமும் கையாளுகிற பொருள். ஆடி மாதம் மேற்கே இருந்து காற்று அடிக்கும்போது பெயிண்ட் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது, வெயில் குறைவாக இருந்தாலும். அப்போது ஆவியழுத்தம் கூடுகிறதா? பையன்களுக்கு எந்த மாதம் அதிக ஆபத்து?

#11 தாமிரபரணி கணக்கு

இரண்டு கேள்விக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

வெப்பநிலை ஆவியழுத்தத்தையே மாற்றும். டொலுவின் 25 டிகிரியில் 28.4 மி.மீ., 40 டிகிரியில் 59. இரண்டு மடங்கு. பென்சைல் அசிடேட்டுக்கு ஆவியாதல் வெப்பம் கூடுதல் என்பதால் 25-லிருந்து 40-க்குப் போனால் ஏறக்குறைய மூன்று மடங்கு, 0.5 மி.மீ.க்கு மேல். எளிதில் ஆவியாகாத பொருள்தான் வெயிலில் அதிக மடங்கு ஏறும். "இது கனமான பொருள், வெயில் ஒன்றும் செய்யாது" என்று ஸ்டோரில் பேசிக்கொள்வதுண்டு. மடங்குக் கணக்கில் நேர் எதிர்.

காற்று ஆவியழுத்தத்தைத் தொடாது. திரவத்தின் மேல் ஆவி நிறைந்த மெல்லிய அடுக்கு ஒன்று நிற்கும். காற்று அதைத் தள்ளிக்கொண்டு போவதால் அடுத்த ஆவி வேகமாகக் கிளம்புகிறது. காய்வது வேகம், ஆனால் ஆவி ஓரிடத்தில் தேங்குவதில்லை. ஆகவே ஆடி மாதத்தைவிட, கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்க்கிற சித்திரை மதியம்தான் கவலைக்குரியது.

ஒரு லிட்டர் டொலுவின் முழுக்க ஆவியானால் 230 லிட்டர் ஆவி. அதை 100 பிபிஎம்முக்குக் கீழே கொண்டுவர 2,300 கன மீட்டர் காற்று வேண்டும். பத்து மீட்டர் நீளம், ஆறு அகலம், நாலு உயரம் உள்ள ஷெட்டின் கொள்ளளவு 240 கன மீட்டர். அந்த ஷெட்டின் காற்று முழுவதையும் பத்து முறை மாற்றினால்தான் ஒரு லிட்டருக்குச் சரியாகும்.

பெயிண்ட் அண்ணாச்சிக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைப் பையன்களிடமும் சொல்லுங்கள். ஸ்பிரே அடிக்கும்போது ஆவியழுத்தக் கணக்கு முழுமையான பாதுகாப்பைத் தராது. துளியாகவே காற்றில் பறக்கிற பொருள் ஆவியாக வேண்டிய அவசியமே இல்லை, அப்படியே நுரையீரலுக்குப் போகும். டூ-பேக் பாலியூரித்தேன் பெயிண்டில் ஐசோசயனேட் இருக்கிறது. அந்தக் குடும்பத்தில் டொலுவின் டை ஐசோசயனேட்டை எடுத்துக்கொண்டால் 20 டிகிரியில் ஆவியழுத்தம் 0.01 மி.மீ. அளவுதான். குறைவாகத் தெரியும். ஆனால் அதுவே 13 பிபிஎம், அந்தப் பழைய சட்ட அட்டவணையின் வரம்போ 0.005 பிபிஎம். 2,600 மடங்கு. ஸ்பிரே அடித்தால் அதற்கும் மேல். துணி மாஸ்க் இதற்குப் பயன்படாது. வெளியிலிருந்து காற்று வரும் முகக்கவசம்தான் சரி.

#12 வண்ணார்பேட்டை பெயிண்ட்

துணி மாஸ்க்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கம்ப்ரசர் இருக்கிறது, அதிலிருந்தே காற்று எடுக்கலாமா?

#13 உப்பளத்தான்

எண்ணெய் போட்ட கம்ப்ரசர் என்றால் நேராக எடுக்காதீர்கள் தம்பி. எண்ணெய் மணமும் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து வரும், அந்த வாயுவுக்கு வாசனையே கிடையாது. சுவாசக் காற்றுக்கென்று ஃபில்டர் வரிசை தனியாக இருக்கிறது, அது வேண்டும். கம்ப்ரசர் காற்றை இழுக்கிற இடம் வண்டிப் புகையும் பெயிண்ட் ஆவியும் இல்லாத இடமாக இருக்க வேண்டும்.

கலவையைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். உப்பளத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், உப்பு கூடக் கூடப் பாத்தியில் தண்ணீர் வற்றுவது மந்தமாகும். முழுக்க உப்பேறிய நீரின் ஆவியழுத்தம் சுத்தத் தண்ணீரில் முக்கால் பங்குதான். ஒரு பொருளில் இன்னொன்றைக் கரைத்தால் ஆவியழுத்தம் இறங்கும். தம்பியின் கலவையிலும் பென்சைல் அசிடேட்டோடு வேறு பொருட்கள் இருக்கிறதே, அந்தக் கணக்கு வராதா?

#14 பாளை வேதியியல்

வரும் அண்ணாச்சி. ரவுல்ட் விதிப்படி ஒவ்வொரு பொருளும் கலவையில் தன் மோல் பங்குக்கு (மொத்த மூலக்கூறுகளில் அதன் பங்கு) ஏற்ற ஆவியழுத்தத்தைத் தரும். ஆனால் கரைந்துவிட்ட சூடத்துக்குத் திடத்தின் எண்ணைப் போடக் கூடாது. கரைந்தபின் படிகம் இல்லை, ஆகவே அந்த இரண்டரை மடங்கு பெரிய திரவ எண்தான் பொருந்தும். 5 சதவீத மோல் பங்கு, திரவ எண் 1 மி.மீ. என்று வைத்தால் 0.05 மி.மீ., அதாவது 66 பிபிஎம். நூறில் ஐந்து பங்குதான் என்றாலும் வரம்பு 2 என்பதை மறக்காதீர்கள்.

தரை துடைக்கும் திரவத்தில் நிலைமை வேறு. பென்சைல் அசிடேட் தண்ணீரில் மிகக் கொஞ்சம்தான் கரையும். தண்ணீரில் ஒரு சதவீதம் கலந்திருக்கிறது என்றால் ஆவியும் நூறில் ஒரு பங்கு என்று நினைத்துவிட வேண்டாம். பால் போல் கலங்கி நிற்கிற திரவத்தில் அது சின்னச் சின்ன எண்ணெய்த் துளியாக இருக்கிறது. துளி ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட சுத்தப் பொருளின் ஆவியழுத்தத்தையே தரும்.

#15 அபிஷேகப்பட்டி மாணவி

மதிப்பிட்ட ஆவியழுத்தத்தைச் சரிபார்க்க ஃபிளாஷ் பாயிண்ட்டை (ஆவி தீப்பற்றத் தொடங்கும் வெப்பநிலை) பயன்படுத்தலாமா? அந்த வெப்பநிலையில் ஆவி கீழ் எரிவரம்பை (தீப்பற்றக் காற்றில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆவி) எட்டுகிறது என்றால், அங்கே ஆவியழுத்தம் தெரிந்துவிடுகிறதே?

#16 பாளை வேதியியல்

அருமையான யோசனை, செய்யலாம். டொலுவினின் ஃபிளாஷ் பாயிண்ட் 4 டிகிரி. ஆன்டுவான் மாறிலிகளை வைத்து அங்கே கணக்கிட்டால் 8.65 மி.மீ., அதாவது 1.14 சதவீதம். அதன் கீழ் எரிவரம்பு 1.1–1.2 சதவீதம். அழகாகப் பொருந்துகிறது. எல்லாப் பொருளுக்கும் இவ்வளவு துல்லியமாக வராது, மூடிய கலச் சோதனை எண்ணைத்தான் எடுக்க வேண்டும். ஆனால் கொதிநிலைக்கும் அறை வெப்பநிலைக்கும் நடுவில் இன்னொரு புள்ளி கிடைப்பது பெரிய உதவி. இரண்டு புள்ளி இருந்தால் டுரூட்டன் எண்ணை ஊகிக்கவே வேண்டாம்.

#17 கங்கைகொண்டான் ஷெட்

கெட்டில் 70 டிகிரி பற்றி இன்னும் தெளிவில்லை. பென்சைல் அசிடேட்டுக்கு அங்கே எந்த எண்ணை எழுதுவது?

#18 தாமிரபரணி கணக்கு

நானே போட்டுப் பார்த்தேன். அளந்த 25 டிகிரி எண்ணிலிருந்து மேலே ஏறினால் 440 பாஸ்கல் வருகிறது. கொதிநிலையிலிருந்து திருத்திய கிரெயின் முறையில் இறங்கினால் 540-லிருந்து 730 வரை. டுரூட்டன் வழியில் 1,200.

ஐரோப்பாவில் முதல்கட்ட மதிப்பீட்டுக்குப் பயன்படுத்தும் ஈசிடாக் டிஆர்ஏ முறை, வேலை நடக்கும் வெப்பநிலையில் 500 பாஸ்கலுக்குக் கீழே இருக்கிற திரவத்தைக் குறைந்த ஆவியாகுமை என்றும், 500-லிருந்து 10,000 வரை நடுத்தரம் என்றும், அதற்கு மேல் அதிகம் என்றும் பிரிக்கிறது. 25 டிகிரியில் உங்கள் பொருள் 24 பாஸ்கல். ஐந்து மடங்கு மிகையாக வந்த எண்ணும் 125 பாஸ்கல்தான். இரண்டும் ஒரே பிரிவு. அங்கே துல்லியத்துக்காக மெனக்கெட வேண்டாம். 40 டிகிரியிலும் 70 பாஸ்கல் வாக்கில்தான், அதே பிரிவு. 70 டிகிரியில் நிலைமை வேறு. கணக்குகள் கோட்டுக்கு இரண்டு பக்கமும் விழுகின்றன. ஆகவே நடுத்தரம் என்று எடுத்துக்கொண்டு கெட்டிலுக்கு மூடியும் வாயருகே உறிஞ்சும் குழாயும் போடுங்கள். கோட்டின் மேல் நிற்கும்போது மேல் பிரிவைத்தான் எடுக்க வேண்டும். 440-ஐ எழுதித் தப்பித்துக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன்.

உண்மையிலேயே துல்லியம் வேண்டுமென்றால் அளக்க வேண்டியதுதான். பன்னாட்டு அமைப்பான ஓஇசிடியின் 104-ஆம் சோதனை வழிகாட்டியில் அழுத்தத்துக்கு ஏற்ற முறைகள் இருக்கின்றன. ஐசோடெனிஸ்கோப் என்ற கருவி 100 பாஸ்கலுக்கு மேல் பொருந்தும். வாயு செறிவூட்டும் முறை மிகக் குறைந்த அழுத்தத்திலிருந்து 1,000 பாஸ்கல் வரை. அனுப்புகிற மாதிரி சுத்தமாக இருக்க வேண்டும். சீக்கிரம் ஆவியாகும் கழிவு ஒரு சொட்டு இருந்தாலும் ஆய்வகம் அதன் அழுத்தத்தைத்தான் அளந்து தரும்.

#19 கங்கைகொண்டான் ஷெட்

நான் எழுதப் போவது இது. தவறு இருந்தால் சொல்லுங்கள்.

பென்சைல் அசிடேட்: 25 டிகிரியில் 24 பாஸ்கல், அளந்த மதிப்பு, பப்கெம். 40 டிகிரியில் 70 பாஸ்கல், கணக்கிட்டது. 70 டிகிரியில் 440–730 பாஸ்கல், கணக்கிட்டது, நடுத்தரம் என்று எடுக்கப்பட்டது. சூடம்: 20–25 டிகிரியில் 0.2–0.65 மி.மீ., வெளியான மதிப்புகள், மேல் எண் எடுக்கப்பட்டது. சூடத்தை எடை போடும் மேசையை ஷெட்டின் நடுவிலிருந்து உறிஞ்சும் குழாய்க்கு அருகே மாற்றுவது. கெட்டில் சூடாவதற்கு முன்பே சூடத்தைச் சேர்த்து மூடிவிட்டு அப்புறம் சூடேற்றுவது. பெயர் சொல்லாத சேர்மானங்களுக்குக் கொதிநிலையும் ஃபிளாஷ் பாயிண்ட்டும் கேட்டு சப்ளையருக்குக் கடிதம். வரும் வரை அவற்றைக் கலவையில் சேர்ப்பதில்லை.

#20 பாளை வேதியியல்

எண்ணுக்குப் பக்கத்தில் வெப்பநிலையும் வழியும் இருக்கிறது, நிறைவாக இருக்கிறது. "கணக்கிட்டது" என்ற இடத்தில் எந்த முறை என்றும் எழுதிவிடுங்கள். உங்களுக்குப் பின்னால் அந்தக் கோப்பை எடுப்பவர் 440 எங்கிருந்து வந்தது, 730 எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியிருக்கும்.

#21 உப்பளத்தான்

சூடத்தை முன்பே சேர்த்து மூடுவது நல்ல முடிவு தம்பி. தொடங்கிய பிறகு கரித்தூள் குழாயில் மாதிரி எடுங்கள். எடை போடுகிற ஆளின் சட்டைக் கழுத்தில் குழாய், இடுப்பில் பம்ப். காலையில் எட்டு மணிக்கு எடுத்துவிட்டுத் திருப்திப்பட வேண்டாம். கூரை சூடேறின மதியத்தில், கெட்டிலைத் திறக்கிற நேரத்தையும் சேர்த்து எடுங்கள். எண் வந்ததும் இங்கே போடுங்கள், நம் கணக்கோடு வைத்துப் பார்க்கலாம்.